நூறு தாண்டின ஆயாவுக்கு சாதனை தேடுறவங்க செய்யக்கூடாத தவறுகள்

தென்னாப்பிரிக்காவுல எங்க டர்பன் பக்கம் இப்ப குடும்ப வரலாறு தேடுற பசங்க நிறைய, ரொம்ப சந்தோஷம். ஆனா வீட்டுல யாராவது நூறு தாண்டிட்டா போதும், "உலகத்துலயே வயசானவங்க எங்க ஆயாதான்"னு கிளம்பிடுறாங்க. எழுத்துப்பிழை, தேதி மாறிப்போறது இதெல்லாம் நீங்களே பிடிச்சிடுவீங்க, அதை விட்டுடுறேன்.

ஒரே பேரு, ரெண்டு ஆளு

இதை நினைச்சா எனக்கு இன்னும் எரியுது. 1860ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து வந்ததுல ஆரம்பிச்சு 1911 வரைக்கும் டர்பன் இருக்கிற இந்த நேட்டால் பகுதிக்கு கூலியா வந்தவங்களோட லிஸ்ட் இருக்கு, நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஊருன்னு. அதுல முனியம்மாவும் ராமசாமியும் கப்பலுக்குக் கப்பல் வருவாங்க. டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு குடும்பம், 1897 லிஸ்ட்ல 3 வயசுப் பொண்ணு, அதே பேரு, அதே அப்பா பேரு, அவ்வளவுதான், ஆயாவுக்கு 116னு ஹால் புக் பண்ணி பத்திரிகைக்காரங்களையும் கூப்பிட்டாச்சு. கடைசிப் பையன் எப்பப் பொறந்தான்னு கேட்டேன், 1950ன்னாங்க. அப்ப 56 வயசுல பிள்ளை பெத்தாங்களா? தேடிப் பார்த்தா கப்பல்ல வந்தது அக்கா, கரும்பு எஸ்டேட்டுல காய்ச்சல் வந்து செத்துப்போச்சு, பிற்பாடு இங்கயே பொறந்த தங்கச்சிக்கு அந்தப் பேரையே வச்சிருக்காங்க. ஆயாவுக்கு நிஜத்துல 104, அதுவே பெரிய வயசுதானே! ஹால் காசு போனதை விடுங்க, செத்துப்போன அந்தக் குழந்தையோட வாழ்க்கையை எடுத்து இன்னொருத்தர் கணக்குல சேர்த்துட்டோமே, அதைத்தான் என்னால தாங்க முடியல.

நம்ம ஊருல மட்டும் இல்ல. கனடாவுல பியர் ஜூபேர்னு ஒருத்தர் 1701ல பொறந்து 1814ல இறந்தார்னு, 113 வயசுன்னு கின்னஸ் புக்கே ரொம்ப காலம் போட்டுச்சு. கடைசியில பார்த்தா அப்பா 1766லயே போயிட்டார், 1814ல இறந்தது அதே பேரு வச்ச மகன். ஜப்பான்ல 120 வயசுன்னு சொன்ன இசுமிங்கிறவர் மேலயும் இதே மாதிரி சந்தேகந்தான், அண்ணன் செத்து அவர் பேரு தம்பிக்கு வந்திருக்கலாம்னு.

அதனால பேரு பொருந்தினதும் நிக்காதீங்க. அதே பேருல ஒரு சாவுப் பதிவு இருக்கான்னு முதல்ல தேடுங்க, கூடப் பொறந்தவங்க பிள்ளைங்க எல்லாரோட வயசையும் வரிசையா எழுதிப் பாருங்க.

கப்பல் லிஸ்ட் வயசு

ஆளைப் பார்த்து குத்துமதிப்பா போட்டது நிறைய. நம்பாதீங்க.

ஐடி புக் (அரசாங்க அடையாளப் புத்தகம்) ஒண்ணே போதும்னு நினைக்கிறது

பொறப்பை ரொம்ப லேட்டா பதிஞ்சவங்க இங்க ஏராளம். கேப் டவுன்ல 2020ல இறந்த ஃப்ரெடி ப்ளோம் ஐடி படி 1904ல பொறந்தவர், அந்தக் கணக்குல ஆம்பளைங்கள்ல அதிக வயசு சாதனை வச்சிருக்கிற ஜப்பான்காரர் ஜிரோமோன் கிமுராவையே தாண்டிட்டார், ஆனா கின்னஸ் அதை உறுதி பண்ணல. சின்ன வயசுக் காகிதம் ஒண்ணு வேணும், கல்யாண வயசுது ஒண்ணு, முதுமைல ஒண்ணு, மூணும் ஒரே ஆளுதான்னு காட்டணும்.

120க்கு மேல சொல்றது

உறுதியானது ஒரே ஒருத்தருக்குத்தான், பிரான்ஸ்ல 1997ல இறந்த ழான் கல்மோன், 122 வருஷம் 164 நாள். பொறப்புப் பதிவுல இருந்து வரிசையா மக்கள்தொகைக் கணக்கு வரைக்கும் அவ்வளவு காகிதம் இருந்தும், அது அவங்க இல்ல, அவங்க பேருல வாழ்ந்த மகள்தான்னு 2018ல ஒரு வாதம் கிளம்புச்சு, பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏத்துக்கல. அவங்களையே அந்தக் கேள்வி கேட்டாங்கன்னா உங்க ஆயாவையும் கேப்பாங்க, பதில் கையில இருக்கட்டும்.