காதல் பாட்டை எழுதுவதா, தவிர்ப்பதா: புதிய பாடலாசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்த் திரைப்படத்துக்குப் பாட்டெழுத வருகிறவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு காதல் மெட்டுதான். இயக்குநர் சூழலைச் சொல்கிறார், இசையமைப்பாளர் தத்தகாரத்தில், அதாவது சொற்களுக்குப் பதிலாக 'தன்னானா' போன்ற ஓசைகளை வைத்து, மெட்டைப் பாடிக் காட்டுகிறார், எழுதலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. தனிப்பாடல் எழுதுகிறவருக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனால் காதல் பாட்டு என்றாலே பழகிப்போன சொற்களில் விழுந்துவிடுவோம் என்றும், எழுதியதைத் தம் சொந்த வாழ்க்கையாகக் கேட்பவர்கள் படித்துவிடுவார்கள் என்றும் அவர் அஞ்சி ஒதுங்குகிறார். இருவரும் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பாட்டில் யார், யாரிடம், எந்தப் பொழுதில் பேசுகிறார்? ஒருவன் ஒருத்தியை விரும்புகிறான் என்பதற்கு மேல் விடை நகரவில்லை என்றால், அந்தப் பாட்டை அப்போதைக்கு எழுதாமல் இருப்பதே நல்லது.

சொந்த வாழ்க்கை வெளிப்பட்டுவிடும் என்ற அச்சத்துக்குத் தமிழ் மரபு எப்போதோ வழி கண்டுவிட்டது. காதலைப் பாடும் பழைய அகத்திணைப் பாடல்களில் வருவோரைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. புலவர் அங்கே தம் குரலில் பேசுவதில்லை. தலைவி, தோழி, தலைவியை வளர்த்த தாயான செவிலி, தலைவன் என ஒருவர் கூற்றாகவே பாட்டு அமைகிறது. பெயர் இல்லாததால் கேட்கும் எவரும் அந்த இடத்தில் தம்மை வைத்துப் பார்க்க முடிகிறது. கூற்று வேறொருவருடையது என்பதால் எழுதுபவரும் தயக்கமின்றிப் பேச முடிகிறது. ஆகவே பல்லவியைத் தேடும் முன் கூற்றை முடிவு செய்யுங்கள். காதலர்களின் வாயிலிருந்து வரிகள் வர மறுக்கின்றனவா, அதே சூழலைத் தோழி சொல்வதாக ஒருமுறை எழுதிப் பாருங்கள். மகள் வீட்டைவிட்டுப் போன பின் அவளை வளர்த்தவள் பேசுவதும் காதல் பாட்டின் பகுதிதான். திரைப்பாடல்கள் அதிகம் தொடாத இடமும் அதுவே.

பழகிய சொற்களைப் பற்றி எல்லோரும் குறைப்படுகிறார்கள். அவை ஏன் போகாமல் நிற்கின்றன என்று சிலரே பார்க்கிறார்கள். நிலா, அன்பே, உயிரே, கண்ணே, வா ஆகிய எல்லாம் நெடிலில் முடிகின்றன. மென்மையான காதல் மெட்டு, அடியின் இறுதியில் நீண்ட சுரத்தில் நிற்கும். அங்கே பாடகரின் குரல் நீள்வதற்கு ஆகாரமோ ஏகாரமோ ஓகாரமோ வேண்டும். "நிலா"வை எடுத்துவிட்டு அதே இடத்தில் "வெளிச்சம்" என்று வைத்தால், பொருள் புதிதாக இருந்தும் மகர மெய்யில் வாய் மூடி, பாடுபவர் திணறுவார். எனவே சொல்லை மாற்றும்போது நெடிலைக் காப்பாற்றுங்கள். இதற்குத் தமிழ் இலக்கணமே கை கொடுக்கிறது: "வாசலிலே", "மாடியிலே" என்று இடத்தைச் சொல்லி ஏகாரத்தில் முடிக்கலாம், "வந்தாயோ", "மறந்தாயா" என்று வினாவாக்கலாம். தேய்ந்த விளிச்சொல் இருந்த இடத்தில் ஓர் ஊரும் ஒரு நிகழ்ச்சியும் வந்துவிடும். எழுதியதைக் கண்ணால் படித்துத் திருப்தி அடையாமல், மெட்டோடு வாய்விட்டுப் பாடிச் சோதிப்பது கட்டாயம்.

பெரிய சொற்களை அறவே விலக்க வேண்டும் என்பதில்லை. குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தலைவி தலைவனோடு தான் கொண்ட நட்பை நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்கிறாள். இவ்வளவையும் சொன்ன பிறகு, கரிய காம்புடைய குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் சேரும் மலைநாட்டுக்காரன் அவன் என்று முடிக்கிறாள். அந்தப் பூ இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வெறும் அளவுகளாகவே நின்றிருக்கும். உங்கள் சரணத்திலும் வானத்தைக் கொண்டுவந்தால், அதே சரணத்துக்குள் கையால் தொடக்கூடிய ஒரு பொருளையாவது வையுங்கள்.

தவிர்க்க முடிவு செய்வோர் அதற்கான காரணத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கொள்கைக்காகக் காதலை ஒதுக்கத் தேவையில்லை. உழைப்பாளர் பாடல்களுக்காகப் போற்றப்படும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்தான் 1959-இல் வெளிவந்த 'கல்யாண பரிசு' படத்தின் காதல் பாடல்களையும் எழுதினார். மறுக்க வேண்டிய சூழல் வேறு. விருப்பமில்லாத பெண்ணைத் துரத்துவதையும் மிரட்டுவதையும் காதலாகக் காட்டும் காட்சிக்கு எவ்வளவு இனிய மெட்டு கிடைத்தாலும் எழுத வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வரி நன்றாக அமைய அமைய அது செய்யும் தீங்கும் கூடும்.

காதல் அல்லாத உறவுகளை அதே ஈரத்தோடு எழுதலாம் என்பதையும் மறக்கலாகாது. கண்ணன் பாட்டில் பாரதியார் கண்ணனைத் தோழனாக, தாயாக, சேவகனாக, சீடனாக, குழந்தையாக, காதலனாக மாற்றி மாற்றிப் பார்த்தார். நா. முத்துக்குமார் ஏராளமான காதல் பாடல்களை எழுதியவர். ஆனால் அவருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தவை 'தங்க மீன்கள்' படத்தில் தந்தை மகளைப் பாடும் பாட்டும், 'சைவம்' படத்தில் உலகின் அழகைப் பாடும் பாட்டும். காதல் மெட்டு என்று தரப்பட்டதை ஒரு தந்தையின் கூற்றாகவோ நண்பனின் கூற்றாகவோ மாற்றிப் பாடிப் பாருங்கள். மெட்டு இடம் கொடுக்கிறதென்றால், தனிப்பாடலாக இருப்பின் தாராளமாக அந்த வழியில் போகலாம்.

திரைப்படமாக இருப்பின் சூழலை மாற்றும் உரிமை பாடலாசிரியருக்கு இல்லை. கூற்றையும் பொழுதையும் மாற்றக் கேட்கும் உரிமை உண்டு. ஆகவே இரண்டு பல்லவிகளோடு செல்லுங்கள்: ஒன்று இயக்குநர் கேட்டபடி, மற்றொன்று நீங்கள் தேர்ந்த கூற்றில். இரண்டையும் தாளில் கொடுக்காமல், மெட்டிலேயே பாடிக் காட்டுங்கள்.