எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? ஃபார்மேட் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

ஹார்ட் டிஸ்க்கைச் செருகியும் கம்ப்யூட்டரில் எதுவும் வரவில்லை என்றால், டிஸ்க் போய்விட்டது என்றே நிறையப் பேர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் போயிருப்பது கேபிள்தான். இன்னும் சிலர் பதற்றத்தில், திரையில் கேட்கிறதே என்று ஃபார்மேட் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது உங்களுக்கு முக்கியம் என்றால் அவசரப்படாமல் இந்த வரிசையிலேயே பாருங்கள்.

1. முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

டிஸ்க்கைச் செருகிக் கையில் பிடித்துப் பாருங்கள். லேசான அதிர்வும் மெல்லிய சுழலும் சத்தமும் இருந்தால் மோட்டார் ஓடுகிறது. 'டிக், டிக்' என்று திரும்பத் திரும்பத் தட்டினால் இரண்டு காரணம் இருக்கலாம்: போதிய கரண்ட் வரவில்லை, அல்லது உள்ளே டேட்டாவைப் படித்து எழுதும் ஹெட் பழுதாகிவிட்டது. வேறு கேபிள், வேறு போர்ட்டில் ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். அப்போதும் தட்டினால் உடனே கழற்றிவிடுங்கள். ஃப்ரீசரில் வைப்பது, கையால் தட்டுவது எதுவும் வேண்டாம். அது டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் போக வேண்டிய டிஸ்க். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வகை என்றால் சத்தமே வராது. நேராக அடுத்த படிக்குப் போகலாம்.

2. கேபிள்

கையடக்க டிஸ்க்குகள் பலவற்றில் அகலமான, தட்டையான பின் இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு பகுதிகள் போலத் தெரியும். அதுதான் யுஎஸ்பி 3.0 மைக்ரோ-பி. அடிக்கடி வளைந்து சீக்கிரம் லூசாவது இதுதான். செருகிய நிலையில் பின்னை லேசாக அசைத்துப் பாருங்கள். லைட் அணைந்து எரிந்தால் கேபிளிலோ, அது செருகும் இடத்திலோ கோளாறு.

மாற்று கேபிள் கைவசம் இல்லையா? பழைய ஆண்ட்ராய்டு போனின் மைக்ரோ யுஎஸ்பி கேபிள், அந்த அகலமான துளையின் பெரிய பகுதியில் சரியாகப் பொருந்தும். யுஎஸ்பி 2.0 வேகம்தான் கிடைக்கும், ஆனால் சோதித்துப் பார்க்க அது போதும். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

3. கரண்ட்

யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரை தரும், 3.0 போர்ட் 900 வரை. டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில்தான் கரண்ட் அதிகம் தேவைப்படும். அதனால் ஹப் வழியாகவோ, டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டிலோ போடாமல், பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் நேராகச் செருகுங்கள்.

பெரிய 3.5 அங்குல டிஸ்க் என்றால் தனியாக 12 வோல்ட் அடாப்டர் இருக்கும். அது தொலைந்துபோனால், பின் பொருந்துகிறதே என்று லேப்டாப் சார்ஜரைச் செருகிவிடாதீர்கள். பல சார்ஜர்கள் 19 வோல்ட் தருபவை. டிஸ்க்கின் போர்டு கருகிவிடும்.

4. டிஸ்க் மேனேஜ்மென்ட்

கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள்.

டிஸ்க் இருக்கிறது, ஆனால் இ, எஃப் போன்ற எழுத்து இல்லை என்றால் வேலை சுலபம். அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' போய் ஓர் எழுத்தைக் கொடுங்கள். 'ஆஃப்லைன்' என்று காட்டினால் இடப்பக்கப் பெட்டியில் ரைட் கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுங்கள்.

'ரா' (RAW) என்றோ, 'நாட் இனிஷியலைஸ்டு' என்றோ காட்டினால், டிஸ்க்கில் உள்ள அமைப்பை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம்; கையை எடுத்துவிடுங்கள். புது டிஸ்க் என்றால் பரவாயில்லை. ஃபைல்கள் இருந்த டிஸ்க் என்றால் ஃபார்மேட், இனிஷியலைஸ் இரண்டுமே வேண்டாம். டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கும் இப்போது ஓட்டாதீர்கள்; சரிசெய்யும்போது அது டிஸ்க்கிலேயே எழுதி மாற்றங்கள் செய்யும், பழுதான டிஸ்க்கில் இருப்பதும் போய்விடலாம். ஃபைல்களை மீட்டுப் பார்க்க டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மீட்கும் ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும்.

இன்னொன்று, மேக்கிலோ லினக்ஸிலோ பயன்படுத்திய டிஸ்க் விண்டோஸில் திறக்காமல் போவது இயல்பு. அது பழுதல்ல. அதேபோல் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கை மேக்கில் படிக்க முடியும், தனி மென்பொருள் இல்லாமல் எழுத முடியாது.

டிஸ்க் மேனேஜ்மென்ட் பட்டியலிலேயே வரவில்லையா? அதே விண்டோஸ் கீ, எக்ஸ் பட்டியலில் இருக்கும் டிவைஸ் மேனேஜரில் அந்த டிஸ்க் இருந்தால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, கழற்றி மறுபடி செருகுங்கள். ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் வேறொரு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பாருங்கள்.

5. திறந்துவிட்டதா?

முதல் வேலை காப்பி எடுப்பது. திரும்பக் கிடைக்காத போட்டோ, சான்றிதழ் முதலில். சினிமா எல்லாம் கடைசியில். அதற்குப் பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். மஞ்சளில் 'காஷன்' (எச்சரிக்கை) என்று வந்தால், இன்று ஒழுங்காக ஓடினாலும் அந்த டிஸ்க்கில் இனி முக்கியமான எதையும் வைக்காதீர்கள்.