பையர் கலரை மாற்றினால்? ‘வுட் ஹேவ் டு’ போடுங்க

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்) வேலைக்குப் போகிறவர்களுக்கு இது. ஆர்டர் கொடுத்த பையர் இன்னும் கலரை மாற்றவில்லை. ஒருவேளை மாற்றினால் துணிக்குத் திரும்பச் சாயம் போட வேண்டிவரும். மெயிலில் வெறுமனே ‘வீ மஸ்ட் ரீ-டை’ என்று தட்டினால், இப்போதே போட்டாக வேண்டும் என்றாகிவிடும். ‘இஃப் யூ சேஞ்ச்ட் த கலர், வீ வுட் ஹேவ் டு ரீ-டை த ஃபேப்ரிக்’ என்று எழுதுங்க. ‘சேஞ்ச்ட்’ இறந்தகாலம் மாதிரி தெரிந்தாலும் நடந்த கதையல்ல, வெறும் அனுமானம்தான். ‘வுட் மஸ்ட்’ கிடையவே கிடையாது. போன சீசனில் நல்லவேளையாகத் தப்பிய வேலையென்றால், அதாவது ‘போட வேண்டிவந்திருக்கும்’ என்பதற்கு, ‘வுட் ஹேவ் ஹேட் டு’. நாக்கு சுளுக்கும்தான், ஆனால் ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். போனிலோ ‘வீட் ஹாஃப்டு’ என்றுதான் காதில் விழும். முழு ‘வுட்’டைத் தேடாதீங்க.