"நான் பாவி" என்பது லேசு, "நான்தான் கத்தினேன்" என்பதுதான் பாடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்கால். எட்டரை ஆராதனைக்குக் கிளம்ப வேண்டும், பையனுக்கு ஒரு கால் சாக்ஸைக் காணவில்லை, நான் போட்ட சத்தத்தில் தெரு நாய் எழுந்து குரைத்தது. முக்கால் மணி நேரம் கழித்து கோயிலில் முழங்கால் போட்டு எல்லாரோடும் பாவ அறிக்கை சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தைகூட உறுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "பிள்ளைய அப்படிப் பேசியிருக்க வேண்டாம்" என்றாள். சுருக்கென்று தைத்தது அதுதான்.

ஆகவே முதல் வேலை, தனி ஜெபத்திலாவது பாவத்தை மொத்தமாகச் சொல்வதை விடுங்கள். "நான் தூசி, நான் புழு" என்று எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லலாம், எதற்காக என்று யாரும் கேட்கப் போவதில்லை. ராத்திரி படுக்குமுன் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்த ஒரே ஒரு காரியத்தை, ஆளையும் நேரத்தையும் வாயில் வந்த வார்த்தையையும் விடாமல் சொல்லிப் பாருங்கள். "நான் கோபக்காரன்" என்றல்ல, "காலையில் பையனிடம் 'உனக்கெல்லாம் எதுக்குக் கோயில்' என்றேன்" என்று. பட்டியல் போடாதீர்கள். லூக்கா 18-ல் இயேசு சொல்லும் கதையில், பக்திமான் என்று பேரெடுத்த பரிசேயன்தான் பட்டியல் போடுகிறான், வாரத்தில் இரண்டு உபவாசம், எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் என்று. ஊரே பாவி என்று ஒதுக்கிய, வரி வசூலிக்கிற ஆயக்காரன் ஜெபித்தது ஒரே வாக்கியம். நம் பாவங்களையே பத்து பத்தாக அடுக்கினாலும் எனக்கென்னவோ அது பரிசேயன் கணக்காகத்தான் படுகிறது.

அப்புறம் அந்த "ஆனா". "மன்னிச்சிடு, ஆனா நீயும் ராத்திரியே எடுத்து வச்சிருக்கணும்ல" என்றால் அது மன்னிப்பு இல்லை, இரண்டாம் ரவுண்டு. வாக்கியத்தை "மன்னிச்சிடு"வோடு முடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான், அதற்கே எனக்கு மூச்சு வாங்குகிறது. முடிந்தால் கோயிலுக்குப் போகுமுன்பே. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகப் போ என்பதுதானே மத்தேயு 5-ல் இருக்கிற வரிசை.

"இவ்வளவு வருஷம் விசுவாசத்தில் இருந்தும் இன்னும் இப்படியா" என்று சோர்ந்துபோகிறவர்கள் இயேசுவின் சீஷன் பேதுருவைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். யோவான் 18-ல், இயேசு பிடிபட்ட ராத்திரியில், கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு ஆண்டவரைத் தெரியாது என்கிறார். 21-ம் அதிகாரத்தில், இயேசு உயிர்த்தெழுந்த பிறகு, மீன்பிடித்துவிட்டுக் கரையேறினால் மறுபடி கரிநெருப்பு, மேலே மீன். யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு வருவது இந்த இரண்டே இடத்தில்தான். அந்தப் புகை மூக்கில் ஏறும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும்! இயேசு "பரவாயில்லை, விடு" என்று சொல்லவில்லை, "துரோகி" என்றும் சொல்லவில்லை. முதலில் சாப்பிட வைத்தார், பிறகு அன்பாயிருக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டார். முன்பு "உமக்காக ஜீவனையும் கொடுப்பேன்" என்று மார்தட்டிய மனுஷன் இப்போது சபதமே எடுக்கவில்லை, "நீர் எல்லாவற்றையும் அறிவீர்" என்று அவரிடமே விட்டுவிடுகிறார். அதோடு திருந்திவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. அந்தியோகியா ஊரில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார், அப்போஸ்தலன் பவுல் முகத்துக்கு முன்பாகவே கண்டித்தார், கலாத்தியர் 2-ல் இருக்கிறது. இயேசு தம்முடைய மந்தையை, அதாவது விசுவாசிகளை, மேய்க்கச் சொல்லி ஒப்படைத்தது இவரிடம்தான்.

ஒரு எச்சரிக்கை. "எல்லாரும் குறையுள்ளவங்கதானே" என்பதை நம் குறையை மூடும் போர்வையாக்கக் கூடாது. ஆயக்காரர் தலைவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். பணம் எடுத்தீர்களா, திருப்பிக் கொடுங்கள். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் "நீயும் பாவிதானம்மா, பொறுத்துக்கோ" என்று ஆலோசனை சொல்பவர்களை நான் மன்னிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

சாயங்காலம் பையனிடம் போய், "காலைல நான் பேசுனது தப்பு, மன்னிச்சிடுப்பா" என்றேன். போனிலிருந்து தலை நிமிராமல் "ம்" என்றான். இன்னும் ரெண்டு வார்த்தை சொல்வான் என்று கொஞ்ச நேரம் கதவோரமே நின்றேன், ஒன்றும் வரவில்லை, சாக்ஸை மடித்து வைக்கப் போய்விட்டேன்.