படுக்கையில் இருப்பவருக்கு இருபது வருஷக் கணக்கு போடுவது எப்படி

என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், மலேசியாவில் பினாங்கு பிறையில் நைட் ஷிஃப்ட் முடித்து மோட்டாரில் வீடு திரும்பும்போது லாரி இடித்து, கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 42. வார்டுக்கு வந்து போன சொந்தக்காரர்கள் எல்லாரும் "பில் எவ்வளவு வந்துச்சு?" என்றுதான் கேட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, பில் ஒன்றும் பெரிதாக இல்லை. வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் செலவே ஆரம்பித்தது.

அதனால் முதல் வேலை, ஒரு 555 நோட்டு வாங்குங்கள். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே நோட்டு. அவருக்காகப் போகும் ஒவ்வொரு காசையும் ஒரு மாதம் விடாமல் எழுதி, ரசீதை உள்ளேயே செருகி வையுங்கள். பேம்பர்ஸ், சிறுநீர் டியூப், பை, கையுறை, புண்ணுக்குக் களிம்பு, பீசியோவுக்குப் போக வர வண்டிக் கூலி, ஏர்கோனால் ஏறிய கரண்ட் பில். எங்கள் நோட்டில் பேம்பர்ஸ் ஒரு நாளைக்கு 5, ஒன்று 1.80 வெள்ளி (ரிங்கிட்). அதாவது நாளுக்கு 9 வெள்ளி, வருஷத்துக்கு 3,285. இருபது வருஷத்துக்கு 65,700. விலை வருஷா வருஷம் 3 விழுக்காடு ஏறினால் 88 ஆயிரத்தைத் தாண்டும். பேம்பர்ஸ் மட்டும்!

மாதக் கணக்கில் வராத சாமான்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்: சக்கர நாற்காலி, கட்டில், காற்று மெத்தை. எது எத்தனை வருஷம் தாங்கும் என்று பக்கத்திலேயே குறியுங்கள், ஏனென்றால் எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப வாங்க வேண்டிவரும். மலிவாக இருக்கிறதே என்று நாங்கள் வாங்கிய மெத்தையின் மோட்டார் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு நின்றுவிட்டது. அந்த 'உர்ர்' சத்தம் நின்றதில்தான் அக்காவுக்குத் தூக்கமே கலைந்தது. புது மெத்தை வரும் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டும் இடுப்பில் புண் வந்து, மறுபடியும் வார்டு.

அப்புறம் அக்கா. பாயான் லெப்பாஸில் பார்த்த வேலையை விட்டுவிட்டுத்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறார். பெரும்பாலான வீடுகளில் இந்த வரிக்கு நேரே பூஜ்யம் போட்டுவிடுகிறார்கள், பொண்டாட்டிதானே பார்க்கிறாள் என்று. போடாதீர்கள். அவர் இழந்த சம்பளத்தை எழுதுங்கள், ஆள் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். அக்காவுக்கு முதுகு வலி வரும் நாள் எப்படியும் வரும்.

சரி, வரவுப் பக்கம். சந்தா கட்டிய தொழிலாளி வேலைக்கு நேர் வழியில் போகும்போதோ வரும்போதோ அடிபட்டாலும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) அதை வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் போலீஸ் ரிப்போர்ட், ஷிஃப்ட் முடிந்த நேரம், வீட்டுக்கு வரும் பாதையின் வரைபடம் எல்லாம் பத்திரம். முழு நிரந்தர ஊனம் என்று மெடிக்கல் போர்ட் முடிவு செய்தால் மாதாமாதம் பென்ஷன் வரும், கூடவே ஆள் துணை அவசியம் என்றால் மாதம் 500 வெள்ளி. ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்துவிட்டு ஜேகேஎம் (சமூக நல இலாகா) உதவிக்கும் மனு போடுங்கள். இபிஎஃப் (சேமநிதி) பணத்தை உடல் இயலாமைக்காக முழுதாக எடுக்கலாம், ஆனால் எடுக்க முடிகிறதே என்று உடனே எடுத்துவிட வேண்டாம். அங்கேயே கிடந்தால் டிவிடெண்டாவது வரும், வீட்டுக்கு வந்தால் யாராவது ஒருத்தர் கடன் கேட்பார்.

இடித்த வண்டிக்காரர் மேல் வழக்குப் போட்டு அவருடைய இன்ஷூரன்ஸிலிருந்து பணம் வாங்குவது தனிக் கதை. இதற்கு 6 வருஷம் அவகாசம் உண்டு, அரசாங்க வண்டி என்றால் 36 மாதம்தான். சம்பள இழப்புக்குச் சட்டமே கணக்கு வைத்திருக்கிறது: 31 வயதிலிருந்து 59 வயது வரை, 60லிருந்து வயதைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். மச்சானுக்கு 9 வருஷச் சம்பளம், அவ்வளவுதான். பராமரிப்புச் செலவு அதில் சேராது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும், அங்கேதான் உங்கள் 555 நோட்டும் ரசீதும் பேசும். கோர்ட் ஒரே தடவை மொத்தமாகக் கொடுக்கும். பத்து வருஷம் கழித்து விலை ஏறிவிட்டது என்று மறுபடி போய் நிற்க முடியாது, ஆகவே முதல் ஆறு மாதக் கணக்கு கையில் இல்லாமல் எந்தத் தொகைக்கும் தலையாட்டாதீர்கள். எங்களுக்கு முதலில் சொன்ன தொகையை நோட்டோடு வைத்துப் பார்த்தோம். அது ஏழு வருஷத்துக்குத்தான் வந்தது.

தலையில் அடிபட்டு சுயமாக முடிவெடுக்க முடியாதவர் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. அவர் பேரில் வரும் பணத்தை மனைவியாகவே இருந்தாலும் தானாகத் தொட முடியாது. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் ஹைகோர்ட்டில் மனுப் போட்டு அவருடைய சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமிக்க வேண்டும். அந்த லாயர் செலவையும் நோட்டில் ஏற்றிவிடுங்கள்.