ஆடிப் பனியும் கறிவேப்பிலையும்: லெனேசியாத் தோட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது காவிரிக் கரைக்குச் சரி. ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஆடி என்றால் குளிரின் உச்சம். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள்களில், நகரின் தெற்கே உள்ள லெனேசியாவில் விடிகாலைப் புல் வெள்ளை பூத்துக் கிடக்கும். இது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் பல செடிகளுக்குக் கேடு ஆடியில் தொடங்குவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் செடி குளிருக்குத் தயாராகும்போது நாம் செய்யும் காரியங்களிலேயே தொடங்கிவிடுகிறது.

அந்தத் தயாரிப்பு மரபணுக்களின் வேலை. கடுகு இனத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறுசெடியில்தான் இதை அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். அதை 4 டிகிரி குளிரில் வைத்தால் 15 நிமிடத்துக்குள் சி.பி.எஃப். என்னும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. கரும்புத் தோட்டத்து சர்தார் (கங்காணி) போல, இவை தாமே பாரம் தூக்காமல் நூற்றுக்கும் மேற்பட்ட மற்ற மரபணுக்களை வேலைக்குக் கிளப்பிவிடுகின்றன. சில மணி நேரத்தில் அந்த வேலை தொடங்கிவிடும். செல்லில் சர்க்கரை சேரும், சவ்வுகளைக் காக்கும் புரதங்கள் உருவாகும், சவ்வின் கொழுப்பும் மாறும். கொழுப்பு ஏன் மாற வேண்டும் என்பதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். ஜூன் மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாக உறைந்திருக்கும், பக்கத்தில் சூரியகாந்தி எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். செடியும் தன் சவ்வுக் கொழுப்பைச் சூரியகாந்தி எண்ணெயின் பக்கம் நகர்த்துகிறது. சவ்வு இறுகிவிட்டால் செல்லுக்குள் போக்குவரத்து நின்றுவிடும். உறைபனியில் ஐஸ் முதலில் செல்லுக்கு வெளியேதான் கட்டும். உள்ளிருக்கும் தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும். அதாவது உறைபனியில் செடி உள்ளுக்குள் வறண்டு சாகிறது. சேர்த்துவைத்த சர்க்கரையும் புரதமும் அந்த வறட்சியைத் தாங்கத்தான். குளிருக்குப் பழகாத ரை தானியப் பயிர் சுமார் மைனஸ் 5 டிகிரியில் செத்துவிடும், நன்றாகப் பழகியது மைனஸ் 30 வரை பிழைக்கும். இரண்டும் ஒரே பயிர்தான், மரபணுக்களும் அவையேதான்.

இதைக் கேட்டதும் எந்தச் செடியையும் பழக்கிவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. தக்காளியிலும் சி.பி.எஃப். மரபணுக்கள் உண்டு, குளிர் பட்டால் அவற்றில் ஒன்று விழிக்கவும் செய்கிறது. ஆனால் அதன் பேச்சைக் கேட்டு வேலைக்கு வரும் மரபணுக்கள் தக்காளியில் மிகக் குறைவு. மிளகாய், கத்தரி, வாழை, முருங்கை, கறிவேப்பிலை எல்லாவற்றையும் தக்காளியின் பக்கமே வையுங்கள். 10 டிகிரிக்குக் கீழே போனாலே, உறைபனி இல்லாமலும், இவற்றுக்குச் சேதம் தொடங்கலாம். இவற்றைப் பழக்கப் பார்க்காதீர்கள், மூடிக் காப்பாற்றுங்கள். முட்டைகோஸ், பட்டாணி, கொத்தமல்லி, இங்கே ஸ்பினாச் என்று விற்கும் சுவிஸ் சார்ட் ஆகியவை பழகக்கூடியவை.

பனியில் தப்பிய மிளகாய்ச் செடியின் விதையை எடுத்துவைத்து, அடுத்த வருஷம் குளிர் தாங்கும் கன்று கிடைக்கும் என்று நம்புவதும் இதே வகைதான். குளிர் மரபணுவின் எழுத்தை மாற்றுவதில்லை, எது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை மட்டுமே மாற்றுகிறது. அந்தச் செடி தப்பியதற்குப் பெரும்பாலும் காரணம் அது சுவரோரம் நின்றதுதான்.

டர்பனுக்குப் போய்வரும்போது பக்கியில் (பிக்கப் வண்டியில்) கன்றுகளை ஏற்றிவந்து மறுநாளே நிலத்தில் நடுவதை அடிக்கடி பார்க்கிறோம். கடற்கரைக் குளிரில் வளர்ந்த முட்டைகோஸ் கன்று உறைபனியைக் கண்டதே இல்லை. மரபணு விழிக்க நிமிடங்கள் போதும், ஆனால் செடி முழுத் தாங்கும் சக்தி பெற ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் இரண்டு நாள் ஸ்டூப்பில் (வீட்டுத் திண்ணையில்) நிழலில் வையுங்கள். பிறகு பகல் வெயிலில் வைத்து இரவில் உள்ளே எடுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து, 3 டிகிரிக்குக் கீழே போகாத இரவுகளில் வெளியிலேயே விடலாம். பத்தாம் நாள் நடலாம். இந்த நாள்களில் தண்ணீரைச் சற்றே குறையுங்கள், வாட விடாதீர்கள்.

பழகிய செடியின் மேல் இரக்கப்பட்டு அதை ஹீட்டர் ஓடும் அறைக்குள் கொண்டுபோவது இன்னும் மோசம். சூடு பட்டதும் அந்த மரபணுக்கள் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். வாரக்கணக்கில் சேர்த்த சக்தி ஓரிரு நாளில் கரைந்துபோகும். அதை மறுபடி வெளியே வைத்தால் புதுக் கன்றின் கதிதான். இருட்டான கராஜும் உதவாது. ஒளி இருந்தால்தான் செடி சர்க்கரை செய்யும், குளிருக்குப் பழகும் வேலைக்கும் ஒளி வேண்டும். குளிர்ச்சியாகவும் வெளிச்சமாகவும் இருக்கும் ஜன்னலோரம் நல்லது.

உரத்தில் நடக்கும் தவறு எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் அது அக்கறையில் செய்யப்படுவது. இலை மஞ்சளாகிறதே என்று மே மாதத்தில் எல்.ஏ.என். என்ற நைட்ரஜன் உரத்தைப் போடுகிறார்கள். சி.பி.எஃப். வேலை செய்யும்போது செடி வளர்ச்சி ஹார்மோனான ஜிப்ரெலினைக் குறைத்துக்கொள்ளும். அது வளராமல் நிற்பது நோயல்ல. அந்த நேரத்தில் நைட்ரஜன் கொடுத்தால் இளந்துளிர் கிளம்பும், முதல் பனியில் அந்தத் துளிர்தான் முதலில் கருகும். மார்ச் கடைசியோடு எல்.ஏ.என்.னை நிறுத்துங்கள். கருகிய கறிவேப்பிலைக் கிளையை ஜூலையிலேயே வெட்டுவதும் அதையேதான் செய்யும். செப்டம்பரில் துளிர் வரட்டும். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள்: பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பு தொடங்கும் இடம் வரை மட்டும் வெட்டுங்கள்.

மூடும்போது பிளாஸ்டிக் ஷீட் இலையில் ஒட்டக் கூடாது, ஒட்டிய இடம் அப்படியே கருகும். ஃப்ராஸ்ட் கவர் துணியைக் குச்சி நட்டு, பொழுது சாயுமுன் தரை வரை இறக்கிக் கட்டுங்கள், காலை வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். வானிலை அறிக்கை 3 டிகிரி என்றாலும் நம்பி இருக்காதீர்கள். அந்த அளவு ஆள் உயரத்தில் எடுப்பது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையோரம் மூன்று நான்கு டிகிரி குறைந்துவிடும்.

குளிர் தரும் இன்னொரு நினைவு சீக்கிரம் அழியாது. முட்டைகோஸ் இனத்தில் எஃப்.எல்.சி. என்ற மரபணு பூப்பதைத் தடுத்து வைத்திருக்கும். வாரக்கணக்கான குளிர் அதை மெல்ல மெல்ல அணைத்துவிடும். பிறகு வெயில் வந்தாலும் அது மறுபடி எரியாது, அடுத்த தலைமுறை விதையில்தான் புதிதாகத் தொடங்கும். தண்டு பென்சில் பருமனுக்கு வந்த பிறகு நீண்ட குளிரில் மாட்டிய முட்டைகோஸ், வசந்தத்தில் தலை கட்டாமல் பூத்தண்டு விடுவது இதனால்தான். வெங்காயத்தில் வேலை செய்யும் மரபணு வேறு, ஆனால் பலன் ஒன்றே. சீக்கிரம் முளைத்தால் பெரிய வெங்காயம் கிடைக்கும் என்று ஜனவரியிலேயே விதைக்காதீர்கள். பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில் விதைத்தால் கன்று சின்னதாகவே குளிருக்குள் நுழையும், பூக்காமல் பருக்கும்.

செடியிலிருந்து பிடுங்கிய பின்னும் இந்த வேலை ஓய்வதில்லை. உருளைக்கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்தால் குளிரில் இன்வர்டேஸ் என்ற நொதியின் மரபணு விழிக்கும், மாவுச்சத்திலிருந்து வந்த சர்க்கரை கிழங்கில் தேங்கும். அதை வறுத்தால் உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும், அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடும். லெனேசியா கராஜ் ஜூலையில் ஃப்ரிட்ஜ் அளவுக்கே குளிரும் என்பதால் மூட்டையை அங்கேயும் போடாதீர்கள். வீட்டுக்குள் 8 முதல் 12 டிகிரி இருக்கும் இருட்டு மூலை போதும். ஏற்கெனவே இனித்துவிட்ட கிழங்கை 15 முதல் 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். அவ்வளவு நாள் பொறுக்க முடியாதென்றால் அதைக் குழம்பில் போடுங்கள்.