வெளிநாட்டு மருத்துவரை அழைத்துவரும்போது எங்கே சறுக்குகிறோம்?

"சிங்கப்பூரில் மருத்துவர் கிடைக்காத இடம் எது?" என்று கேட்பவர்கள் இரவு எட்டு மணிக்குத் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கத்து வெளிநாட்டு ஊழியர் விடுதி ஒன்றுக்குப் போய்ப் பார்க்கலாம். இந்தத் தீவில் தூரம் பெரிய தடையில்லை. வேலை முடியும் நேரம், மொழி, முதலாளி என்ன சொல்வாரோ என்ற பயம், இவைதான் தடை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டு ஊழியர்களுக்கான அடிப்படை மருத்துவத் திட்டம் வந்தபிறகு காசுப் பிரச்சினை ஓரளவு தீர்ந்தது. அவர்களுக்கென்ற மருத்துவ நிலையத்துக்குப் போனால் ஊழியர் கொடுப்பது 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தான். ஆனால் அங்கே உட்கார்ந்து பார்க்க மருத்துவர் வேண்டுமே. அதற்கு இந்தியாவிலிருந்து ஆள் எடுக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதல் அடியிலேயே தடுக்கி விழுகிறார்கள்.

ஆளைப் பிடித்துப்போய், சம்பளம் பேசி, கை குலுக்கிவிட்டு அப்புறம் இங்கே மருத்துவராகப் பதிவு பெறுவதைப் பற்றி யோசிப்பதுதான் அந்தத் தடுக்கல். எம்பிபிஎஸ் என்றாலே போதும் என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே மருத்துவப் பதிவுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அவர் படித்த கல்லூரி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. 160 கல்லூரிகள் இருந்த அந்தப் பட்டியல் 2020இல் 103ஆகச் சுருங்கியது. பட்டியல் மாறக்கூடியது, ஆகையால் பழைய தாளை நம்பாதீர்கள். கல்லூரி அதில் இல்லாவிட்டாலும், சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் உயர்பட்டம் இருந்தால் வழி உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவ நிலையம் இதைப் பார்க்காமல் ஐந்து மாதம் காத்திருந்தது. அந்த மருத்துவரோ இந்தியாவில் பார்த்த வேலையை விட்டுவிட்டிருந்தார், பாவம்.

சரி, கல்லூரி பட்டியலில் இருக்கிறது. அப்போதும் கிடைப்பது பெரும்பாலும் நிபந்தனையுடன் கூடிய பதிவுதான். மன்றம் ஒப்புக்கொண்ட இடத்தில், முழுப் பதிவு பெற்ற மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் வேலை செய்யவேண்டும். தனி ஆளாக விடுதி மருத்துவ நிலையத்தை நடத்தச் சொல்லி ஒருவரை வரவழைப்பது நடக்காத காரியம். மேற்பார்வைக்கு யார், அவருக்கு நேரம் இருக்கிறதா என்பதை விளம்பரம் கொடுக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

குடும்பத்தைப் பற்றி மழுப்புவதும் வேண்டாம். சார்ந்திருப்போர் அட்டையில் (குடும்பத்தினர் உடன் தங்குவதற்கான அனுமதியில்) வரும் மனைவியோ கணவரோ இங்கே வேலை செய்யவேண்டுமானால், 2021 மே முதல் தனியாக வேலை அனுமதி பெறவேண்டும். பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் உறுதியில்லை. இதை வந்து இறங்கியபின் தெரிந்துகொள்பவர் மனத்தளவில் அன்றே பெட்டியைக் கட்டிவிடுகிறார்.

என்னைக் கேட்டால், ஆகப் பெரிய தவறு "தமிழ் டாக்டர்தானே, ஊழியர்களோடு ஒட்டிக்கொள்வார்" என்ற நினைப்பு. விடுதியில் பங்களாதேஷ்காரர்களும் ஏராளம், அவர்கள் பேசுவது வங்காளி. தமிழிலும்கூட, ஆங்கிலத்திலேயே படித்து நகரத்திலேயே வளர்ந்த மருத்துவருக்கு "நெஞ்சு கரிக்குது", "மேலுக்கு முடியல", "கிறுகிறுன்னு வருது" என்பதெல்லாம் சட்டென்று பிடிபடுவதில்லை. மொழி பிடிபட்டாலும் மௌனம் பிடிபட நாளாகும். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தவர் வலியைக் குறைத்துத்தான் சொல்வார். விடுப்பு எடுத்தால் ஓவர்டைம் போகும், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. மருத்துவர் இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எழுதிக் கொடுப்பார், அது சட்டைப்பையிலேயே கிடக்கும், ஊழியர் மறுநாள் சாரம் ஏறிக்கொண்டிருப்பார்.

அதனால் நேர்காணலில் பட்டங்களைப் பற்றிக் கேட்டு முடித்ததும் இதையும் கேளுங்கள்: "முதுகுவலியோடு வந்தவர் எம்சி வேண்டாம் என்கிறார். என்ன செய்வீர்கள்?" உடனே மாத்திரையின் பெயரைச் சொல்பவரும் உண்டு. "அவர் என்ன வேலை பார்க்கிறார், எத்தனை கிலோ தூக்குகிறார்?" என்று திருப்பிக் கேட்பவரும் உண்டு. எனக்கு இரண்டாமவர் போதும், அவருடைய வங்காளி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.